கொடைவள்ளல் அழகப்பச் செட்டியாரும் விஞ்ஞான ஆராய்ச்சியும்

திருமுதுகுன்றம் எனப்படும் விருத்தாசலத்தில் வசிக்கும் நம் அன்பர்களுக்குப் பீங்கான் தொழிலின் இயல்பை எடுத்துரைத்தல் மிகை. களிமண்ணை அரைத்துச் சலித்து, அச்சில் வார்த்து, உலர்த்தி, சூளையில் அடுக்கித் தீ மூட்டிய பின்னர் உள்ளே நிகழ்வது ஒருவர் கண்ணுக்கும் புலப்படாது. சூளை ஆறித் திறக்கும் வரையில், இட்ட முதல் சரக்காய்த் திரும்புமோ, விரிசல் கண்ட ஓடாய்த் திரும்புமோ என்று உறுதி கூற வல்லார் இலர். ஆயினும் அச்சூளையின் பலனைச் சில நாட்களுக்குள் அறிந்துகொள்ளலாம். விஞ்ஞான ஆராய்ச்சி என்னும் சூளையோ பத்தாண்டும் இருபதாண்டும் எரிவது. அதற்கு விறகு தருபவர் அது திறக்கப்படும் நாளில் உயிருடன் இருப்பதே அரிது. அத்தகைய சூளைக்குத் தம் பொருளை வாரி வழங்கிய நம் குலச் செம்மல் ஒருவரின் வரலாற்றை இத்திங்கள் எழுதப் புகுந்தோம். அவர் கோட்டையூர் டாக்டர் ராம. அழகப்பச் செட்டியாரவர்கள். கலாசாலைகள் பல கண்டவர் என்று அவரை எல்லாரும் அறிவர். விஞ்ஞான ஆராய்ச்சிக்கு அவர் ஆற்றிய தொண்டு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆகலின் அதனையே இங்கு விரித்துரைப்போம்.

செட்டிநாட்டுக் கோட்டையூர் இன்று சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்தது. அவ்வூரில் 1909-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6-ஆம் தேதி, இராமநாதன் செட்டியாருக்கும் உமையாள் ஆச்சிக்கும் மைந்தராய் அழகப்பர் தோன்றினார். நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் அக்காலத்தில் நடந்த வழியை முதியோர் அறிவர். எண்ணும் எழுத்தும் கற்றவுடன் பெட்டியடியில் அமர்ந்து வட்டிக் கணக்குப் பயின்று, அடுத்தாளாகிப் பின் முதலாளாகிப் பர்மாவுக்கோ மலேயாவுக்கோ கொண்டுவிக்கக் கப்பலேறுவதே வழக்கம். அழகப்பரோ காரைக்குடியில் பள்ளிப் படிப்பை முடித்து, சென்னை இராஜதானிக் கலாசாலையில் சேர்ந்து, ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். நகரத்தாரில் எம்.ஏ. பட்டம் முதன்முதலாகப் பெற்றவர் அவரே என்பர். வட்டிக் கணக்குக்கு ஆங்கில இலக்கியம் எதற்கு என்று அந்நாளில் முகஞ்சுளித்தவர்களும் இருந்திருப்பர் என்று ஊகிப்பது தவறாகாது.

பின்னர் அவர் சீமைக்குச் சென்று இலண்டனில் மிடில் டெம்பிள் சங்கத்தில் சட்டம் பயின்று பாரிஸ்டரானார். அங்கே சார்ட்டர்டு பாங்கியில் வங்கித் தொழிலும் பயின்றார். இவையிரண்டும் வியாபாரக் குடும்பத்தவர் கற்கக் கூடியனவே. ஆயின், க்ராய்டன் விமான நிலையத்தில் ஆகாய விமானம் ஓட்டக் கற்று அதற்குரிய சான்றிதழையும் பெற்றுக்கொண்டு திரும்பினார் என்பதைக் கேட்கும்போது, இயந்திரத்தின் உள்ளே என்ன நிகழ்கிறதென்று அறியும் வேட்கை இவருக்கு இளமையிலேயே இருந்ததென்பது விளங்கும். இலண்டனிலிருந்து வந்த பின்னர் வழக்கறிஞராய் நீடிக்க அவருக்கு விருப்பமில்லை. 1937-ஆம் ஆண்டில் கொச்சி இராஜ்யத்தில் திருச்சூருக்கு அருகே நெசவாலை ஒன்றை நிறுவினார். அவ்வாலையைச் சூழ்ந்து எழுந்த ஊர் அழகப்பநகர் என்றே இன்றளவும் வழங்குகிறது. மலேயாவில் இரப்பர்த் தோட்டங்கள், பர்மாவில் ஈயச் சுரங்கங்கள், சென்னையில் பற்பல தொழில்கள், ஜுபிடர் என்னும் பெயரால் ஒரு விமானக் கம்பெனி என்று அவருடைய முயற்சிகள் பெருகின. அவற்றை ஒவ்வொன்றாய் விவரிக்கப் புகின் இக்கட்டுரை வியாபாரச் சரித்திரமாய்விடும். கைக்கு வந்த பொருள் மிகுதி என்பதும், அது வந்த வேகத்திலேயே வெளியேறிற்று என்பதும் இங்கு அறியத்தக்கன.

அவர் வாழ்வில் ஒரு பெருந்துன்பம் உண்டு. மறைத்தற்குரியதன்று அது, அவர் வரலாற்றை எழுதினோர் அனைவரும் குறித்திருக்கின்றனர். இளமையிலேயே அவரைத் தொழுநோய் பற்றியது. சுற்றத்தாரும் ஊராரும் அந்நோயாளரை எவ்வாறு ஒதுக்கினர் என்பதை நம் பாட்டன்மார் காலத்தவர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கோடிப் பொருள் உடையார்க்கும் அவ்வொதுக்கம் முற்றிலும் நீங்கியதில்லை. நார்வே தேசத்து வைத்தியர் ஹான்சன் என்பவர் இந்நோய்க்குக் காரணமான கிருமியை 1873-ஆம் ஆண்டிலேயே கண்டறிந்திருந்தார். காரணம் தெரிந்தும் மருந்து தெரியாமல் அறுபது எழுபது ஆண்டுகள் கழிந்தன. நீரடிமுத்து எண்ணெயை உள்ளுக்குக் கொடுப்பதும் ஊசியால் ஏற்றுவதுமே வைத்தியர் கையிலிருந்த உபாயம். அதன் பலனோ சொற்பம்.

மருந்து வந்த வழி வியப்புக்குரியது. ஜர்மனியில் இரசாயன ஆராய்ச்சியாளர் இருவர் 1908-ஆம் ஆண்டில், அதாவது அழகப்பர் பிறப்பதற்கு முந்திய ஆண்டில், ஸல்போன் இனத்தைச் சேர்ந்த ஒரு புதிய பொருளை ஆக்கினர். வைத்தியத்திற்கு அது உதவுமென்ற நினைப்பு அவர்களுக்கு இருக்கவில்லை. சாயப் பொருள்களைச் சார்ந்த இரசாயனத்தில் அதுவும் ஒன்றாய் ஏட்டிலே கிடந்தது. முப்பதாண்டுகளுக்குப் பின்னரே கிருமிகளைக் கொல்லும் ஆற்றல் அவ்வினத்துக்கு உண்டென்பதை வைத்தியர் கண்டனர். அமெரிக்காவில் கார்வில் என்னுமிடத்துத் தொழுநோய் ஆஸ்பத்திரியில் 1941-ஆம் ஆண்டு முதல் ஸல்போன் மருந்துகள் சோதிக்கப்பட்டன. நம் நாட்டில் செங்கற்பட்டை அடுத்த திருமணியில் இருந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் என்பவர் 1940-களின் பிற்பகுதியில், 1908-இல் ஆக்கப்பெற்ற அந்தப் பொருளையே நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தார். டாப்ஸோன் என்று பின்னர் உலகெங்கும் பெயர் பெற்ற மருந்து அதுதான். ஏறக்குறைய அதே காலத்தில் வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கலாசாலையில் டாக்டர் பால் பிராண்ட் என்பவர், இந்நோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை வைத்தியத்தால் மீண்டும் இயக்கும் முறையை வகுத்தார். நாளடைவில் டாப்ஸோனுக்கு அடங்காத கிருமிகள் தோன்றவே, பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை உலக சுகாதார ஸ்தாபனம் 1981-ஆம் ஆண்டில் வகுத்தது. இன்று தொழுநோய் சில மாதங்களில், மிஞ்சினால் ஓராண்டில், தீரக்கூடிய நோய்.

1908-இல் அந்த இரசாயன சாலைக்குப் பொருள் உதவியவரிடம் சென்று, இதனால் என்ன இலாபம் என்று யாரேனும் வினவியிருந்தால் அவர் என்ன விடை கூறியிருப்பார்? நம் கணக்கு முறையில் ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுக்கிறோம். ஆராய்ச்சிக்கு ஈந்த பொருளை அவ்வாண்டு ஐந்தொகையில் எழுதினால் அது நஷ்டமாகவே நிற்கும். நாற்பதாண்டு கழித்து எங்கோ ஒரு நாட்டில் எவனோ ஒருவன் கைவிரல் நீளும்போதுதான் வரவு காணும். தம் நோயைப் பற்றி அழகப்பர் என்ன எண்ணினார் என்பதை உரைக்க நாம் துணியோம். எனினும், விடை காணாத வினாவின் கொடுமையைத் தம் உடம்பிலேயே அறிந்தவர் அவர் என்பது வெளிப்படை.

நம் நாட்டில் விஞ்ஞானத்துக்குத் தனவந்தர் கொடுத்தது புதுமையன்று. கல்கத்தாவில் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-ஆம் ஆண்டில் பலரிடமும் பொருள் திரட்டி விஞ்ஞானச் சங்கம் ஒன்றை நிறுவினார். அது பல்லாண்டு ஆளின்றி வெறிச்சோடிக் கிடந்தது. 1907-ஆம் ஆண்டில் கணக்கு உத்தியோகத்தின் பொருட்டு அந்நகருக்குச் சென்ற சி. வி. இராமன் என்னும் தமிழர் மாலை வேளைகளில் அங்கே ஆராய்ச்சி செய்யலானார். தாரகநாத் பாலித் என்னும் வழக்கறிஞர் கல்கத்தா சர்வகலாசாலைக்கு அளித்த நிதியால் ஏற்பட்ட ஆசிரியர் பதவியை இராமன் 1917-ஆம் ஆண்டில் ஏற்று, சம்பளம் குறைந்தாலும் தகும் என்று சர்க்கார் உத்தியோகத்தை உதறினார். 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 28-ஆம் தேதி ஒளிச்சிதறலைப் பற்றிய அவருடைய கண்டுபிடிப்பு வெளிப்பட்டது. 1930-இல் நோபல் பரிசு கிடைத்தது. சர்க்காரும் பாலித்தும் அதைக் காண உயிருடன் இல்லை. ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் கொடையால் பெங்களூரில் விஞ்ஞான நிலையம் அமைந்தது 1909-ஆம் ஆண்டில். அழகப்பர் பிறந்த ஆண்டும் அதுவே.

விருத்தாசலத்துக்கு அணித்தாயுள்ள சிதம்பரத்தில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 20 இலட்சம் ரூபாயும் தம் மீனாட்சிக் கலாசாலைகளையும் ஈந்து 1929-ஆம் ஆண்டில் சர்வகலாசாலை கண்டதை நம் அங்கத்தினர்கள் அறிவார்கள். தமிழிசைக்கும் தமிழ்க் கல்விக்கும் அது ஆற்றிய பணியையே பெரும்பாலும் புகழ்வோம். அங்கே நிகழ்ந்த ஒரு கணித ஆராய்ச்சியையும் அறிதல் நன்று. செங்கோட்டைப் பக்கத்து வல்லத்தில் பிறந்த எஸ். எஸ். பிள்ளை என்பவர் 1929 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே கணித விரிவுரையாளராய் இருந்தார். எந்த எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாகவும், ஒன்பது கனங்களின் கூட்டுத்தொகையாகவும் எழுதலாம் என்பது பழைய செய்தி. அதற்கு மேற்பட்ட அடுக்குகளுக்கு எத்தனை வேண்டும் என்ற வினா வாரிங் பிரச்சினை எனப் பெயர் பெற்றது. ஆறாம் அடுக்குக்கு 73 போதும் என்று பிள்ளை நிறுவினார். பெரிய கணித நூல்களில் அவர் பெயர் நிற்கிறது. 1950-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடக்கவிருந்த கணித மகாநாட்டுக்குச் செல்லும் வழியில், கெய்ரோவுக்கு அருகே விமான விபத்தில் அவர் மாண்டது தமிழ்நாட்டின் தவக்குறை. அந்தச் சர்வகலாசாலையில் என்ஜினீயரிங் கல்வி தொடங்குவதற்கு அழகப்பரும் பொருள் உதவினார். விருத்தாசலத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே படித்துத் தேறியிருக்கின்றனர்.

இனி அவருடைய கொடைக்கு வருவோம். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1944-ஆம் ஆண்டில், சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தராய் இருந்தவர் டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார். அவர் தாமே புகழ்பெற்ற வைத்தியர். கப்பல் போக்குவரத்து அற்றுப்போகவே, சாயமும் மருந்தும் இரசாயனப் பொருள்களும் வெளிநாட்டிலிருந்து வாராமல் ஆலைகள் தவித்த காலம் அது. பருத்தியும் தோலும் உப்பும் நம்மிடம் இருந்தன. அவற்றைப் பக்குவஞ் செய்யும் வித்தையைக் கற்ற ஆட்கள் வேண்டிய அளவில் இல்லை. நெசவாலை உரிமையாளராகிய அழகப்பர் இக்குறையை நேரில் கண்டவர். சென்னைச் சர்வகலாசாலைக்கு அவர் 5 இலட்சம் ரூபாய் அளிக்க, கிண்டியில் அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கலாசாலை எழுந்தது. இரசாயன என்ஜினீயரிங், நெசவுத் தொழில்நுட்பம், தோல் தொழில்நுட்பம் ஆகியன அங்கே கற்பிக்கப்பட்டன. திருவாங்கூர்ச் சர்வகலாசாலையில் தமிழாராய்ச்சி நடைபெறவும் 1 இலட்சம் அளித்தார். தமிழுக்குக் கொடுப்பதும் இரசாயனத்துக்குக் கொடுப்பதும் அவருக்கு ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றவில்லை.

1947-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அன்னி பெஸண்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் லட்சுமணசாமி முதலியார் பேசுகையில், கலாசாலைகள் எல்லாம் சென்னையிலேயே குவிந்திருப்பதைக் குறிப்பிட்டு, வெளியூர்களில் தனவந்தர்கள் கலாசாலைகள் தொடங்க முன்வர வேண்டுமென்று கேட்டுக்கொண்டார். கூட்டத்தில் இருந்த அழகப்பர் அங்கேயே எழுந்து காரைக்குடியில் ஒரு கலாசாலை தொடங்க 1 இலட்சம் அளிப்பதாக அறிவித்தார். ஆகஸ்டு மாதத்திலேயே, நாடு விடுதலை பெறுவதற்குச் சில நாட்களுக்கு முன், வாடகைக் கட்டிடத்தில் வகுப்புகள் நடக்கலாயின. அவருக்கு ஆங்கில அரசாங்கம் அளித்திருந்த ஸர் பட்டத்தைச் சுதந்திரம் வந்ததும் துறந்தார்.

அவர் கொடைகளுள் நம் உள்ளத்தை மிகவும் கவர்வது இதற்கு அடுத்தது. டாக்டர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் என்னும் இரசாயன நிபுணரின் தலைமையில் 1942-ஆம் ஆண்டில் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் தோன்றியது. தேசமெங்கும் பெரிய ஆராய்ச்சிச் சாலைகளைச் சங்கிலித் தொடராய் நிறுவ அக்கவுன்சில் திட்டமிட்டது. பௌதிகத்துக்கு டில்லி, இரசாயனத்துக்குப் பூனா, உலோகத்துக்கு ஜாம்ஷெட்பூர், தோலுக்குச் சென்னை, கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் கல்கத்தா என இடங்கள் அமைந்தன. எல்லாம் பெருநகரங்கள், அன்றேல் பெருந்தொழில் நடக்கும் ஊர்கள். மின் இரசாயனத்துக்கும் அவ்வாறே ஒரு நகரம் அமைந்திருந்தால் எவரும் வியந்திரார். அழகப்பர் காரைக்குடியில் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாய் ரொக்கமும் தருவதாக முன்வந்தார். காரைக்குடியோ செம்மண் காடு. ஆறில்லை, ஊருணி நீரே ஆதாரம், சொல்லத்தக்க இரசாயன ஆலையும் கிடையாது. விஞ்ஞானிகளை அங்கே வரவழைக்க வேண்டுமாயின், அவர்கள் மறுக்கவியலாத வசதியை முன்கூட்டியே கையில் வைத்துக்கொண்டு அழைக்க வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். வியாபாரியின் கூர்மை இவ்விடத்தில் நன்கு பயன்பட்டது.

1948-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 25-ஆம் தேதி பிரதம மந்திரி ஜவாஹர்லால் நேரு காரைக்குடிக்கு வந்து மத்திய மின் இரசாயன ஆராய்ச்சி நிலையத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் இறைவனடி சேர்ந்து நாற்பது நாட்களே ஆகியிருந்தன. கட்டிடம் நிறைவேறி, 1953-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 14-ஆம் தேதி, பொங்கலையொட்டி, உபராஷ்டிரபதியாய் இருந்த டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார். காரைக்குடியார் அதைச் செக்ரி என்று சுருக்கிக் கூறுவர்.

மின் இரசாயனம் என்பது யாதெனச் சிறிது உரைப்போம். கரைத்த உப்பு நீரில் இரண்டு தகடுகளை அமிழ்த்தி மின்சாரத்தைச் செலுத்தினால், ஒரு பக்கம் குளோரின் வாயு எழும். மறுபக்கம் காரச் சோடா உண்டாகும். சவர்க்காரம், காகிதம், துணி ஆகிய தொழில்களுக்குக் காரச் சோடாவும், குடிநீரைச் சுத்தம் செய்யக் குளோரினும் இன்றியமையாதன. அலுமினியம் கிடைப்பதும் மின்சாரத்தின் துணையால்தான். பித்தளைப் பாத்திரத்துக்கு வெள்ளி முலாம் பூசுவதும் இவ்வித்தையே. மோட்டார் வண்டியின் பாட்டரி இதன் மறுபக்கம்: அங்கே இரசாயன மாறுதல் மின்சாரத்தைத் தருகிறது. இரும்பு துருப்பிடிப்பதும் அவ்வாறே நிகழும் மாறுதல்தான். ஆட்கள் மின்சாரம் செலுத்தாமலேயே ஈரமும் உப்பும் சேர்ந்து அதனை நடத்துகின்றன.

இத்துறையில் செக்ரியில் நடந்த பணிகளுள் இரண்டை மட்டும் இங்கே கூறுவோம். உப்பு நீரில் அமிழ்த்தும் நேர்முனைத் தகட்டை முன்பு கிராபைட் என்னும் கரிப்பொருளால் செய்துவந்தனர். குளோரின் அதனைச் சிறிது சிறிதாய் அரித்துவிடும். தகடு தேயத் தேய இடைவெளி அதிகமாகி மின்சாரம் வீணாகும். அடிக்கடி ஆலையை நிறுத்தித் தகட்டை மாற்றவும் வேண்டும். டைட்டேனியம் என்னும் உலோகத் தகட்டின் மேல் வேறு உலோகங்களின் ஆக்ஸைடுகளை மெல்லிய பூச்சாய் ஏற்றினால் அத்தகடு தேய்வதில்லை. இம்முறை முதலில் மேல்நாட்டில் தோன்றியது. அதனை நம் நாட்டு ஆலைகளுக்கு ஏற்றவாறு செய்துகொள்ளும் வழியைச் செக்ரி ஆராய்ந்து கண்டது. மற்றொன்று துருவைப் பற்றியது. இராமேசுவரத்துக்குச் செல்வோர் பாம்பன் கடற்பாலத்தைக் கண்டிருப்பர். அப்பகுதியின் உப்புக் காற்று இரும்பை அரிக்கும் வேகம் மிகக் கடுமையானது. அதற்கு அருகிலுள்ள மண்டபத்தில் செக்ரி ஒரு கிளை நிலையத்தை அமைத்து, உலோகத் துண்டுகளையும் பூச்சுகளையும் கடல் நீரிலும் கடற்காற்றிலும் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் வைத்து, எவ்வளவு எடை குறைகிறதென்று அளந்துவருகிறது. இவ்விதம் தேசமெங்கும் பல இடங்களில் அளந்து, எவ்வூரில் துரு எவ்வளவு வேகமாய்ப் பிடிக்கும் என்று காட்டும் வரைபடமும் ஆக்கினர். கட்டிடக் கம்பிகளுக்குச் சிமெண்டு கலந்த பூச்சு ஒன்றும் அங்கே உருவாயிற்று. இரும்புத் துண்டைத் தொங்கவிட்டு ஆண்டுகள் காத்திருந்து நிறுப்பது பார்ப்பவர்க்குச் சுவையற்ற வேலை. பத்திரிகைகளில் தடித்த எழுத்தில் வருவதன்று. இத்தகைய வேலைக்குத்தான் நிலையான நிதி வேண்டும்.

இங்கே நேயர்கள் ஒன்றைக் கருதுதல் வேண்டும். கிண்டிக் கலாசாலைக்கு அளித்த 5 இலட்சமும் செக்ரிக்கு அளித்த 15 இலட்சமும் சேர்ந்து 20 இலட்சம் ஆகின்றன. ராஜா சர் அவர்கள் சர்வகலாசாலைக்கு அளித்த ரொக்கத் தொகையும் அதுவே. கிண்டிக் கலாசாலையின் பெயரில் அழகப்பர் பெயர் உண்டு. அதனினும் மும்மடங்கு ரொக்கமும் 300 ஏக்கர் நிலமும் பெற்ற ஆராய்ச்சி நிலையத்தின் பெயரில் அவர் பெயர் இல்லை. அது தேசத்தின் நிலையமாய், டில்லியின் ஆட்சியில் அமைந்தது. யாரை நியமிப்பது, எதை ஆராய்வது என்பவை விஞ்ஞானிகளின் பொறுப்பாயின. கொடுத்தவர் கையை விட்டுப் பொருள் முழுவதும் அகன்றது. கட்டளை ஏற்படுத்தி, அதன் விசாரணையைத் தம் வம்சத்தாரிடமே நிறுத்திக்கொள்ளும் நம் பழக்கத்தை நினைத்தால், இது எத்துணை அரிய செயல் என்பது தெளிவாகும். நம்மவர் வியாபாரத்தில் மகமை எடுத்துச் சிதம்பரம் முதலிய கோயில்களைப் புதுப்பித்தனர்; காசி வரையில் சத்திரங்கள் கட்டினர். அவற்றைக் குறைத்துப் பேச நமக்கு உரிமையில்லை. ஆனால் கோயிலில் கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டலாம். உற்சவத்தில் பரிவட்டம் பெறலாம். துருவை அளக்கும் கூடத்தில் பரிவட்டம் கட்டுவார் யார்?

அழகப்பர் காலத்திலேயே இதை மறுத்தவர்களும் இருந்திருக்கலாம். அந்த 15 இலட்சத்தால் குலத்து ஏழைப் பிள்ளைகளுக்கு எத்தனை உபகாரச் சம்பளம் அளித்திருக்கலாம் என்று இன்றும் நம் சங்கக் கூட்டங்களில் கேட்பவர் உண்டு. கேள்வியில் நியாயமும் உண்டு. நம் எண்ணத்தில், அவர் இரண்டையும் செய்தார் என்பதே அதற்கு விடை. செக்ரிக்கு நிலம் கொடுத்த அதே ஆண்டுகளில் காரைக்குடியில் ஆசிரியப் பயிற்சிக் கலாசாலை, என்ஜினீயரிங் கலாசாலை, தொழிற்பயிற்சிப் பள்ளி, குழந்தைகளுக்கான மாண்டிசோரிப் பள்ளி ஆகியன அடுத்தடுத்துத் தோன்றின. பெண்களுக்குக் கலாசாலை வேண்டும், கட்டிடம் இல்லை என்ற நிலை வந்தபோது கோட்டையூரில் தாம் வாழ்ந்த மாளிகையையே கொடுத்தார். அவற்றில் எல்லாக் குலத்துப் பிள்ளைகளும் படித்தனர்.

அவருடைய பிற்கால வாழ்வு இன்பமுடையதன்று. வியாபாரத்தில் நஷ்டங்கள் நேர்ந்தன. விமானக் கம்பெனி நிலைக்கவில்லை. நோயும் உடலை மெலிவித்தது. ஆயினும் கல்வி நிலையங்களுக்குக் கொடுப்பதை அவர் நிறுத்தவில்லை. ஒரு கணக்கில் குறைந்ததை மற்றொன்றிலிருந்து எடுத்து நிரப்பினார். கெட்டிக்கார வியாபாரி இவ்வாறு செய்யமாட்டான் என்று கூறின் அதை மறுக்க இயலாது. 1956-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் பத்மபூஷண் விருது அளித்தது. மறு ஆண்டு ஏப்ரல் மாதம் 5-ஆம் தேதி அவர் இம்மண்ணுலகை நீத்தார். மறுநாள் விடிந்திருந்தால் அவருக்கு 48 ஆண்டுகள் நிறைந்திருக்கும். செக்ரி திறக்கப்பட்டு நான்காண்டுகளே ஆகியிருந்தன. டைட்டேனியத் தகட்டையும் துரு வரைபடத்தையும் அவர் காணவில்லை.

அவர் மறைந்து 28 ஆண்டுகளுக்குப் பின்னர், 1985-ஆம் ஆண்டில், காரைக்குடியில் அழகப்பா சர்வகலாசாலை ஏற்பட்டது. செக்ரியில் இப்பொழுது மின் இரசாயன என்ஜினீயரிங் பட்டப் படிப்பும் நடைபெறுகிறது. லித்தியம் பாட்டரி செய்யும் முறையைப் பற்றிய ஆராய்ச்சி அதன் சென்னைக் கிளையில் நடக்கிறது. கிண்டிக் கலாசாலை 1978-ஆம் ஆண்டில் சென்னைச் சர்வகலாசாலையினின்று பிரிந்து, புதிதாய்த் தோன்றிய அண்ணா சர்வகலாசாலையின் உறுப்பாயிற்று. விருத்தாசலத்து அன்பர்களுக்கு உரிய செய்தி ஒன்று இதில் அடங்கியுள்ளது. நம் ஊரில் பீங்கான் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ பயிற்றும் அரசாங்க நிலையம் இருக்கிறது. அதில் தேறியபின் சூளையோடு நின்றுவிடாமல், களிமண்ணின் உள்ளியல்பையும், மின்கம்பத்துக் குமிழ் முதல் செயற்கை எலும்பு வரையில் பீங்கான் எவ்வாறெல்லாம் பயன்படுகிறது என்பதையும் பட்டப் படிப்பாய்ப் பயில விரும்பும் பிள்ளைகள் சென்னைக்குச் செல்வார்களாயின், செராமிக் தொழில்நுட்பத் துறை அமைந்திருப்பது கிண்டியில் அழகப்பர் பொருளால் எழுந்த அந்தக் கலாசாலை வளாகத்திலேயாம்.